தட்டம்மை ஏன் திரும்பி வருகிறது?

நாங்கள் மட்டாஞ்சேரிக்குக் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம், எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு நின்றுவிட்ட படிப்பு. நோய்களைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் வினவலாம். எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு தவறே அத்தகுதியைத் தந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன் பங்குனித் திருவிழாவுக்குச் சொந்த ஊர் சென்று திரும்பினோம். பத்து நாட்கள் கழித்து, மூன்று வயது நிரம்பிய எங்கள் மகளுக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டன, கண்கள் சிவந்தன. வெறும் ஜலதோஷம் என்றே எண்ணினோம். நான்காம் நாள் காதோரத்தில் தொடங்கிச் செந்நிறத் தடிப்புகள் உடலெங்கும் பரவின. அம்மை என்று அறிந்ததும் வாயிலில் வேப்பிலை செருகினோம். அதன்பின் வெளியார் எவரும் உள்ளே வரவில்லை. ஆனால் அதற்கு முந்திய மூன்று நாட்களும் அடுத்த வீட்டுச் சேச்சியின் ஏழு மாதக் குழந்தை எங்கள் மகளின் அருகிலேயே விளையாடிக்கொண்டிருந்தது.

இரு வாரங்களில் அக்குழந்தைக்கும் தட்டம்மை கண்டது. மலையாளத்தில் அதனை 'அஞ்சாம்பனி' என்பர். நிமோனியாவும் சேர்ந்துகொள்ள, ஆறு நாட்கள் மருத்துவமனையில் கிடந்து, இறையருளால் பிழைத்தது. சேச்சி எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மோளுக்கு ஊசியெல்லாம் போட்டிருந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில் தாய்வீட்டில் போடப்பட்டது. பதினாறு முதல் இருபத்துநான்கு மாதங்களுக்குள் போடவேண்டிய இரண்டாம் ஊசியோ, ஊசி அட்டை ஊரிலும் நாங்கள் இங்குமாக இருந்த காலத்தில் விட்டுப்போயிற்று. பதில் சொல்ல நா எழவில்லை.

அன்று முதல் இந்நோயின் இயல்பை நூல்களில் தேடிப் படித்தோம். தட்டம்மைக் கிருமி மனிதரிடமன்றி வேறெந்த உயிரிடத்தும் தங்கி வாழ்வதில்லை. ஒருமுறை கண்டவர்க்குப் பெரும்பாலும் ஆயுள் முழுதும் அது மீண்டும் வருவதில்லை. ஆகவே அது நிலைக்க வேண்டுமாயின், நோயுற்றவர் குணமடையுமுன் நோய் காணாத மற்றொருவரை அடைந்தே தீரவேண்டும். அச்சங்கிலியில் கண்ணி அறுந்தால் அவ்வூரில் நோய் மாய்ந்துபோம். புதிய குழந்தைகள் பிறந்து பெருகி, வெளியூரிலிருந்து எவரேனும் மீண்டும் கொணரும் வரையில் ஊர் அமைதியாயிருக்கும்.

இதற்குச் சான்றாக வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோ தீவுகளின் கதையைக் கூறுவர். 1781இல் அங்கே தட்டம்மை பரவி ஓய்ந்தது. பின் 65 ஆண்டுகள் அதன் சுவடே இல்லை. 1846இல் கோப்பன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சர் மூலம் அது மீண்டும் புகுந்தது. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர்க்கு மேல் சில மாதங்களில் நோயுற்றனர். அதனை ஆராயச் சென்ற பேனம் என்னும் இளம் மருத்துவர் வியக்கத்தக்க ஒன்றைக் கண்டார்: 1781இல் நோயுற்றுத் தேறிய முதியோர் ஒருவரையும் அது இம்முறை தொடவில்லை.

எனில், எவ்வளவு பெரிய ஊரில் இந்நோய் ஓயாது நிலைக்கும்? பார்ட்லெட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1957இல் நகரங்களின் நோய்க்கணக்குகளை ஆராய்ந்து, இரண்டரை முதல் மூன்று இலட்சம் மக்களுக்குக் குறைந்த ஊர்களில் தட்டம்மை இடையிடையே முற்றும் அற்றுப்போகிறது என்று காட்டினார். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி கொச்சி மாநகராட்சியில் மட்டும் ஏறக்குறைய ஆறு இலட்சம் மக்கள். துறைமுகமும் ரயிலும் வேறு உள்ளன. தடுப்பூசி இல்லையேல், இத்தகைய நகரில் அந்நெருப்புக்கு விறகு தீர்வதேயில்லை.

சின்னம்மையின் வழி வேறு. தேறியபின்னும் அதன் கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படும். அக்கி கண்ட பாட்டியிடமிருந்து பேரனுக்குச் சின்னம்மை தொற்றலாம். ஆகையால் சிற்றூரிலும் அது அழியாது காத்திருக்க வல்லது. தட்டம்மைக்கு அவ்வாறு ஒளிந்திருக்க இடமில்லை. அதனை வெல்லலாம் என்னும் நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பெரியம்மைக்கும் ஒளிவிடம் இல்லாமையாலேயே, 1975இல் நம் நாட்டிலும், பின்னர் உலகெங்கும் அது ஒழிந்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதனை முறைப்படி அறிவித்தது.

ஆயினும் தட்டம்மை பெரியம்மையினும் விரைவாகத் தொற்றுவது. காப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர்க்குப் பரவும். எனவே நூற்றுக்கு 95 பேரேனும் காப்புற்றிருந்தாலன்றிச் சங்கிலி அறுவதில்லை. ஒன்பதாம் மாத ஊசி ஒன்று மட்டும் நூற்றுக்கு ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே காப்பளிக்கும். இரண்டாம் ஊசி எஞ்சியோரைக் காக்கவே ஏற்பட்டது. மாநிலக் கணக்கு உயர்ந்திருந்தால் போதாது. ஊசி போடாத குழந்தைகள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் அவ்விடமே நோய்க்கு ஊராகிவிடும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் நம் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் தட்டம்மை பரவியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பிழைப்பு நாடி வந்த நம்மவர் குடும்பங்களும் அறியாமலே அத்தகைய இடமாகிவிடக்கூடும். பிரசவம் ஓரூரில், வேலை ஓரூரில், திருவிழா மற்றோர் ஊரில் என்று வாழ்கிறோம். எந்த ஊர்ச் சுகாதார நிலையத்தாரும் நம் குழந்தை அடுத்த ஊரில் ஊசி பெற்றிருக்கும் என்று எண்ணுவது எளிது.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி அயலாரை விலக்கும் முன்னோர் வழக்கத்தை நாங்கள் குறை கூறவில்லை. சங்கிலியை அறுக்கும் அறிவு அதிலும் உண்டு. ஆனால் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே நோய் பிறர்க்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை வாயிலை அடையுமுன் நோய் அடுத்த வீட்டை அடைந்துவிடுகிறது. சேச்சியின் குழந்தைக்கோ ஊசி போடும் வயதே வந்திருக்கவில்லை. சுற்றியிருந்த நாங்களே அதற்கு வேலியாக இருந்திருக்க வேண்டும்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊசி அட்டையை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஊருக்குச் செல்லும்போதும் உடன் கொண்டு செல்லுங்கள். விட்டுப்போன தட்டம்மை ஊசியை ஐந்து வயது வரையில் அரசுச் சுகாதார நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். எந்த ஊரினர் என்பது அதற்குத் தடையன்று.

சேச்சியின் குழந்தை இப்போது எங்கள் முற்றத்தில் ஓடி விளையாடுகிறது. அதைக் காணுந்தோறும் மகிழ்ச்சியும் வெட்கமும் ஒருங்கே எழுகின்றன. அவ்வெட்கம் மற்றோர் இல்லத்துக்கு நேராதிருக்கவே இதனை எழுதினோம்.