மேட்டுக்கு மேலே, மேட்டுக்குக் கீழே

போடி. விடியுமுன்னே ஜீப்புகள். தூக்குவாளி, கம்பளித் துண்டு, மடியில் வெற்றிலை. பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம்.

ஏலத்தோட்ட வேலைக்கு ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் இறங்கிவிடுவார்கள். இறங்காமல் மேலேயே தங்குகிறவர்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் யோசனை.

பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம். தோட்டத்து லயங்களில் இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் குடும்பங்கள். முந்தி அதே லயங்களில் நம் ஊர்க்காரர்கள்.

நம் பையனை அங்கே யாராவது 'பாண்டி' என்றால் முகம் சுண்டிப்போகிறது.

அதே பையன், ஜார்க்கண்ட் பையனை 'பெங்காளி' என்கிறான். சொல்கிறவனுக்கு வங்காளம் எந்தத் திசை என்றே தெரியாது.

ஜூனில் பள்ளி திறப்பு. ஏலக்காய் எடுப்பும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்கும். தை வரை இழுக்கும். நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஓர் எடுப்பு. பள்ளி வருகைப் பதிவேட்டையும் எடுப்புக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

'இந்தி தெரிந்த ஆள் ஒருத்தரைப் போட்டால் போதும்' என்கிறார்கள். போதாது. பல வீடுகளில் பேசுவது கோண்டி, சந்தாலி, சாத்ரி. இந்தியும் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து மொழிதான்.

கங்காணியிடம் தமிழ். வாத்தியாரிடம் மலையாளம். அம்மாவிடம் கோண்டி. வயது ஏழு. யாரும் இதைப் படிப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

எர்ணாகுளத்தில் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கான ரோஷ்ணி திட்டம். 2017. பினானிபுரம் அரசுப் பள்ளியில் தொடங்கியது. வழக்கமான வகுப்புக்கு முன்னால் ஒரு வகுப்பு. பிள்ளையின் மொழி தெரிந்த தன்னார்வலர். முதலில் காலைச் சாப்பாடு. பிறகுதான் மலையாளம்.

சாப்பாட்டை முதலில் வைத்தவரைக் கும்பிட வேண்டும்.

பீகாரிலிருந்து எர்ணாகுளம் பக்கம் வந்த தொழிலாளி ஒருவரின் மகள். 2020இல் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முதலிடம். பாடம் வரலாறும் தொல்லியலும்.

மேட்டுக்குக் கீழே: இல்லம் தேடிக் கல்வி, 2021 அக்டோபர். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு. தெருத் திண்ணை, கோயில் மண்டபம். தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கொரோனாவில் விட்டதைப் பிடிக்க வந்த திட்டம். அம்மா மலையிலிருந்து இறங்குகிற நேரமும் அதுதான்.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்குத் 'தமிழ் மொழி கற்போம்' என்று பள்ளிக்கல்வித் துறையில் தனியாக ஒன்று. பெயர் பிடித்திருக்கிறது. 'கற்பிப்போம்' என்று வைக்கவில்லை.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 25க்கு மேல் இருந்தால், தோட்ட முதலாளி பள்ளி வசதி செய்ய மாநில அரசு விதி போடலாம் என்றது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டம் கணக்கில் வரவில்லை.

ஏலத்தோட்டம் பெரும்பாலும் சின்னது. இங்கே நாலு பிள்ளை, அடுத்த வேலிக்குள் மூணு, ஓடைக்கு அந்தப் பக்கம் ஆறு. எங்கேயும் 25 வராது.

சாதிச் சான்றிதழ். கேரளத்தில் பட்டியல் சாதி என்று வாங்க, குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே அங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பின்னால் போனவர்களுக்கு, போன மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை. 1990இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

தாத்தா லயத்தில் இருந்தார். லயத்துக்குப் பட்டா ஏது? காகிதத்துக்கு எங்கே போவது?

புதுமைப்பெண் திட்டம், 2022. கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடுக்கி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு மதுரைக் கல்லூரிக்கு இறங்கி வருகிற பெண்ணுக்குக் கிடையாது.

காய்க்கு மட்டும் எல்லை இல்லை. 2021லிருந்து ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் ஒரே நேரத்தில். எந்தப் பக்கம் உட்கார்ந்தும் விலை கேட்கலாம்.

சிறைக்காடு. போடிக்கு மேற்கே பளியர் குடியிருப்பு. யாருக்கும் முன்னால் மலையில் இருந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சு.

டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கவும் கூடாது. இரண்டும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. லயத்தில் எத்தனை அப்பன்மாருக்குத் தெரியும்? ஜீப் நிற்கிற இடத்தில் எழுதிப்போட வேண்டும். எழுதினால் போதாது, படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில்.

அந்தச் சட்டம் பதினாலு வயதோடு நிற்கிறது.

பதினைந்து, பதினாறில் வந்து இறங்குகிறவன்? அவனுக்கு அங்கன்வாடி இல்லை, காலை உணவு இல்லை, ரோஷ்ணி இல்லை. புதிதாய் வந்தவர்களில் எனக்கு அதிகம் கவலை அவனைப் பற்றித்தான்.

கைக்காசு, கைப்பேசி, பழைய ஜெர்சி. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நாலைந்து பேராக நிற்பார்கள். கடைக்காரர் அவர்களிடம் மட்டும் காசை முதலில் கேட்கிறார்.

பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களை இரவு ஏழு முதல் காலை எட்டு வரை வேலை வாங்கக் கூடாது. இதுவும் சட்டம்.

பச்சைக்காய் உலர ஏறக்குறைய ஒரு நாள். காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பு ராத்திரியும் எரிய வேண்டும். யாராவது விறகு தள்ள வேண்டும்.

ஏழு மணிக்கு அவனை அடுப்படியிலிருந்து எழுப்பிவிட்டு, ஸ்டோர் திண்ணையிலேயே ஒரு வகுப்பு. சம்பளச் சீட்டைப் படிக்க. பஸ் பலகையைப் படிக்க. பிறகு பத்தாம் வகுப்பைத் தனியாக எழுத. தோட்டத்துக்காரர் ஒரு விளக்கும் கொஞ்சம் கட்டன் சாயாவும் கொடுத்தால் போதும், இந்த எடுப்பிலேயே தொடங்கலாம்.