புத்தம்புது விமானத்தைப் பழசாக்கும் ஊர்!

டோக்கியோவில் ஹிகாரி புல்லட் ரயில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் ஷிஜுவோகா. ஃபுஜி மலையும் பச்சைத் தேயிலையும்தான் இந்த ஊரின் அடையாளம் என்று நினைத்தால், பாதிதான் சரி. தமியா, ஹசேகவா, அவோஷிமா, ஃபுஜிமி... பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல் செய்பவர்களுக்கு மனப்பாடமான இந்தப் பெயர்கள் எல்லாமே ஷிஜுவோகாவையும் பக்கத்து ஊரான யைசுவையும் சேர்ந்தவை. ஊருக்குள் ஒரு தபால் பெட்டிகூட, பிரித்தெடுக்காத கிட் பாகங்கள் மாதிரி சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது!

எல்லாம் மரத்தில் தொடங்கிய கதை. செங்கென் கோயிலைக் கட்ட வந்த தச்சர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள், அந்தக் கைத்தொழில்தான் வேர் என்பார்கள். 1924-ல் விமானி ஜிரோ அவோஷிமா தொடங்கிய நிறுவனம் மரத்தில் மாடல் விமானங்கள் செய்தது. 1946-ல் தமியா பிறந்தது மரம் அறுக்கும் கடையாக. 1951-ல் தீ விபத்து, பிறகு முழுக்க மாடல்கள், 1960-ல் முதல் பிளாஸ்டிக் கிட்.

ஒவ்வொரு மே மாதமும் ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஹாபி ஷோ நடக்கும். கூடவே, மாடல் செய்யும் கிளப்புகள் தங்கள் படைப்புகளை மேஜை மேஜையாகப் பரப்பி வைக்கும் கண்காட்சியும் உண்டு. பளபளப்பான விமானங்களைத் தாண்டிப் போகும் கண், சாயம் உரிந்து, புகை படிந்து நிற்கும் ஜீரோ போர் விமானத்தில் நின்றுவிடும். நிஜத்தில் 11 மீட்டர் இறக்கை. 48-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஏறக்குறைய ஒரு சாண்!

ஒட்டி முடிப்பது சுலபம். பழசாக்குவதுதான் வேலை. இதற்கு 'வெதரிங்' என்று பெயர். ஒரு வழிக்குக் கொஞ்சம் உப்பு போதும். முதலில் வெள்ளி நிறம் அடித்து, தண்ணீர் தடவி, உப்பைத் தூவிக் காயவிடுகிறார்கள். அதன் மேல் பச்சைச் சாயம். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து எடுத்தால், உப்பு இருந்த இடத்திலெல்லாம் வெள்ளி எட்டிப்பார்க்கும். உப்புக்குப் பதில் ஹேர் ஸ்ப்ரே அடித்து, மேல் சாயத்தை ஈரத் தூரிகையால் உரிப்பவர்களும் உண்டு. தகடுகள் சேரும் கோடுகளில் நீர்த்த கருஞ்சாயத்தை ஓடவிட்டுத் துடைத்தால், அழுக்கு தயார்.

ஆனால், எங்கே உரிப்பது? ஜீரோவில் விமானி ஏறுவது இடது பக்கம். அதனால் இடது இறக்கையின் அடிப்பகுதியில் பூட்ஸ் தேய்ந்த தடம் வேண்டும். மெக்கானிக் திரும்பத் திரும்பத் திறக்கும் மூடிகளின் ஓரம் தேயும். மேல்பக்கம் வெயிலில் வெளுக்கும். புகைக் கறை காற்றுப் போக்கில் பின்னோக்கியே ஓடும். அளவும் முக்கியம். மாடலில் 1 மில்லிமீட்டர் கீறல், நிஜத்தில் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் காயம். இதற்காகப் பழைய போட்டோக்களை மணிக்கணக்கில் உற்றுப் பார்க்கிறார்கள். ஆசையில் எல்லா இடமும் உரித்துத் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். பல போர் விமானங்கள் சில மாதங்கள்கூட உயிரோடு இல்லை. அதை 20 வருடம் மழையில் கிடந்த தகரம் மாதிரி காட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் பொய்.

நிஜமான கறையைப் பார்க்க வேண்டுமானால், அதே செங்கென் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஷிஜுஹதா மலைக்கு ஏற வேண்டும்.

1945 ஜூன் 19 இரவு தொடங்கி விடிவதற்குள் அமெரிக்க பி-29 விமானங்கள் இந்த நகரத்தை எரித்தன. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். வானத்திலேயே இரண்டு பி-29 விமானங்கள் மோதி விழுந்தன. அதில் இருந்த 23 பேரும் பிழைக்கவில்லை. ஃபுகுமட்சு இட்டோ என்ற உள்ளூர்க்காரர், ஊர் மக்களோடு அந்த விமானிகளையும் அடக்கம் செய்தார். எதிரிக்கு எதற்கு மரியாதை என்று கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். சிதைவுகளுக்கு நடுவே அவர் எடுத்து வைத்தது ஒரு தண்ணீர்க் குடுவை. தீயில் கருகி, நசுங்கிப்போனது.

இன்று மலைமேல் இரு தரப்புக்கும் நினைவுக் கற்கள் இருக்கின்றன. ஹிரோயா சுகானோ என்ற மருத்துவர் அந்தக் குடுவையைப் பாதுகாத்து, ஆண்டுதோறும் ஜூனில் நினைவு நிகழ்ச்சியை நடத்திவந்தார். ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து, அதே குடுவையிலிருந்து பர்பன் விஸ்கியைக் கல்மீது ஊற்றுவார்கள். குடுவையின் கரியை யாரும் தேய்த்துக் கழுவவில்லை.

ஹாபி ஷோவுக்குப் போகிறவர்கள் மலைக்கும் அரை நாள் ஒதுக்கலாம். கோயில் வரை ஸ்டேஷனிலிருந்தே பஸ் உண்டு. அதற்கு மேல் படிகள்தான்.