சந்திக்காத இரண்டு ரயில்கள்

ஜூலை 4

மாமா கேட்டது சின்ன வேலைதான். போடியில் அவருடைய ஏலக்காய்க் கடை முன்னறைச் சுவரில் ஒரு கண்ணாடி, அதில் நம்ம ஊர் ரயில் ஓட வேண்டும், தொட்டால் எரிய வேண்டும். "யாவாரிக நின்னு பாக்கணும், பேரப்புள்ளைக வெளயாடணும். அம்புட்டுத்தான் மாப்ள." எவ்வளவு ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர் வேலையில் இது ஒரு சாபம்.

எப்படிச் செய்வது என்பதில் குழப்பமில்லை. கண்ணாடித் தகட்டின் விளிம்பில் எல்.இ.டி.யை வைத்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து, இரண்டு முகங்களுக்கும் நடுவே முட்டி மோதிப் போய்க்கொண்டே இருக்கும். மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கிய இடத்தில்தான் சிதறி வெளியே வரும். ஆகவே தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி ஒவ்வொன்றிலும் ஒரு படம் செதுக்கலாம். எதன் அடியில் விளக்கு எரிகிறதோ அது துலங்கும், மற்றவை மங்கிவிடும். வெவ்வேறு காலத்து ரயில்களை ஒரே சட்டத்துக்குள் அடைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ஜூலை 7

வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன். மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி: 90 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் ரயில் போடிக்கு வந்தது 1928-ல். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில்தான் திரும்ப ஓடியது. 2010 முடிய ஓடிவிட்டு, அகலப்பாதை வேலைக்காக மறுபடி நின்றது. 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் 15-ல் போடி வரைக்கும் வந்து சேர்ந்தது. அன்றைக்கே சென்னை சென்ட்ரலுக்கும் நேர் வண்டி விட்டார்கள்.

தொட்டதும் எரிகிற பொம்மை எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டதும் கிடைத்த ரயிலா இது? தொடுவதற்குப் பதில் ஒரு குமிழ் வைக்கப்போகிறேன். திருகத் திருக வருஷம் நகரும், ஒரு 'டிக்'குக்கு ஒரு வருஷம். நின்றுபோன காலத்தைத் தாண்ட வேண்டுமானால், எதுவும் எரியாமலே அத்தனை டிக்கையும் திருகித்தான் ஆக வேண்டும். 2022-க்கு வந்ததும் வெளிச்சம் தேனியில் நின்றுவிடும். போடிக்கு இன்னும் ஒரு டிக்.

ஜூலை 9

அகலத்தை மட்டும் நூறில் ஒன்று என்ற கணக்கில் அசலாகச் செதுக்குவது என்று முடிவு. மீட்டர் கேஜ் 10 மில்லிமீட்டர், அகலப்பாதை 1,676-க்கு ஏறக்குறைய 17. நீளத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, கண்ணாடி கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம் போய்விடும்.

பின்கட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காக்களிடம் காகிதத்தைக் காட்டினேன். மில்லிக் கணக்கை அவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நாள் முழுக்க சல்லடையில் ஏழு மில்லி, எட்டு மில்லி என்று காயைப் பிரிக்கிற கைகள். ஒருவர் எட்டு மில்லிக் காய் ஒன்றை எடுத்துக் கோட்டின் நடுவே வைத்துப் பார்த்தார். உள்ளே விழுந்தது. "பழைய ரயிலு எட்டு மில்லிக் காய விட கொஞ்சூண்டுதான் பெருசு" என்றார். சுற்றி ஒரே சிரிப்பு.

ஜூலை 13

குரங்கணிக்குப் போய் வந்தேன். மேலே டாப் ஸ்டேஷன் முகடு மேகத்துக்குள் இருந்தது.

அந்த மலைக்குப் பின்னால் ஒரு ரயில் ஓடியது என்றால் இன்றைக்குப் பலர் நம்புவதில்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக 1902-ல் போட்டது ஒற்றைத் தண்டவாளம். ஈவிங் முறை என்பார்கள். சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில், வண்டி சாயாமலிருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்துச் சாலையில், இழுப்பதற்கு மாடு. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குட்டி ரயில்பாதை போட்டார்கள், நீராவி எஞ்சின் வந்தது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு இறங்கும், பிறகு வண்டி கட்டிப் போடிக்கு. 1924 ஜூலை வெள்ளம் அந்தப் பாதையை வாரிக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவில்லை.

பஸ்ஸில் இறங்கி வரும்போதுதான் உறைத்தது. மலை ரயில் செத்தது 1924, கீழே ரயில் வந்தது 1928. சரக்கு ஒரே திசையில் இறங்கியது, இரண்டு ரயிலும் ஒரே சரிவின் மேலும் கீழும். ஆனால் ஒரு நாள்கூட இரண்டும் சேர்ந்து ஓடவில்லை. கடைசித் தகடு மலைக்குத்தான்.

ஜூலை 20

கண்ணாடிக் கடை அண்ணனுக்குக் கதவில் மயிலும் தாமரையும் செதுக்கித்தான் பழக்கம். தண்டவாளம் என்றதும், "ஓரத்துல ரெண்டு பூ போட்டா நல்லாருக்கும் தம்பி" என்றார். மலைத் தகட்டில் ஏலச்செடி போடலாம் என்று சமாதானம் பேசினேன். தூர் அடியிலிருந்து தரையோடு படர்கிற சரம், அதில் காய். ஏலத்தட்டையின் உச்சியில் காய் காய்ப்பதுபோல் மட்டும் வரைந்துவிடாதீர்கள் அண்ணே, காய் எடுக்கப் போகிற சனமெல்லாம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்றேன்.

முன் தகடு மட்டும் டஃபன்டு கண்ணாடி. அதைச் சூடேற்றி இறுக்கிய பிறகு அறுக்கவோ துளைக்கவோ முடியாது, சுக்கல் சுக்கலாகிவிடும். குமிழுக்கான துளையை முன்னாடியே போட்டு மதுரைக்கு அனுப்ப வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்து இருப்பதால் ஓரத்தில் பச்சையடிக்கும். பக்கவாட்டிலிருந்து விளக்கு விட்டால் மதுரையில் மஞ்சளாகக் கிளம்புகிற வெளிச்சம் போடி வருவதற்குள் பச்சையாகிவிடும். மாமாவுக்கு அது பிடித்திருந்தது, "ஏலக்கா கலரு" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. அடி விளிம்பு முழுக்க எல்.இ.டி. வரிசை வைக்கிறேன். ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டால் வெளிச்சம் நகரவும் செய்யும்.

ஆகஸ்ட் 2

ஆடிக் காற்று. சாமான்களை மேசையில் பரப்பினால் பறக்கிறது. எல்.இ.டி.க்கு 5 வோல்ட், அதை ஆட்டிவைக்கிற இ.எஸ்.பி-32 போர்டு பேசுவது 3.3 வோல்ட்டில். நடுவே ஒரு லெவல் ஷிஃப்டர் ஐ.சி. இல்லாவிட்டால் வரிசை தன் இஷ்டத்துக்கு மினுக்கும். ஒவ்வொரு எல்.இ.டி.யும் முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் வெளிச்சத்துக்குப் புரோகிராமிலேயே வரம்பு கட்டியிருக்கிறேன். வருஷ எண் மட்டும் ஒரு மூலையில் எப்போதும் எரியும். ரயில் இல்லாத வருஷங்களில் கண்ணாடி கெட்டுப்போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தொடுகிற விஷயத்தை முழுக்க விடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் செம்பு நாடா ஒட்டினால் விரல் அருகே வருவதை போர்டு கண்டுகொள்ளும். ஸ்டேஷன் பெயர்களுக்கு மட்டும் அது. சாரல் அடிக்கிற நாளில் ஈரம் படர்ந்தால் அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். மெதுவாக ஏறுகிற அளவைத் தள்ளிவிட்டு, சட்டென்று ஏறுவதை மட்டும் விரலாகக் கொள்ளும்படி எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 11

சண்டை. மாமா குமிழைத் திருகிப் பார்த்தார். 1924-ல் மலை அணைந்தது, நாலு டிக் இருட்டு, 1928-ல் கீழே எரிந்தது. "ரெண்டையும் ஒண்ணா எரிய விடு மாப்ள, போட்டோ எடுக்க எம்புட்டு அழகா இருக்கும்."

"ஒண்ணா ஓடல மாமா."

"எவனுக்குத் தெரியும்?"

"கண்ணாடியப் பாக்குறவனுக்குத் தெரியும். அதுக்குத்தான செய்யிறோம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துதான் விலை கேட்க வேண்டும், அதில் மட்டும் அழகு பார்க்கமாட்டார்.

ஆகஸ்ட் 12

காலையில் அவரே வந்தார். விட்டுக்கொடுத்துவிட்டார், ஆனால் சும்மா இல்லை. தேனியிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ரயில் கேட்டு இந்த மாவட்டமே எத்தனையோ காலமாக மனுப் போடுகிறதே, அதையும் செதுக்க வேண்டுமாம். வராத ரயிலைச் செதுக்கினால் அழிக்க முடியாது என்றேன். "அப்ப எடமாச்சும் விட்டு வை." அது நியாயம். சட்டத்தில் இன்னொரு தகட்டுக்குக் காடி எடுக்கச் சொல்லி ஆசாரிக்கு போன் போட்டேன். கூலி தனி என்றார். மாமாவிடம் அதையும் இன்னும் சொல்லவில்லை.