அடக்கம் ஆபத்தாகும் வேளை

பெரியோர் முன்னிலையில் வாய் பொத்தி நிற்பது நற்பண்பு என்றே நாம் இளமை முதல் கற்று வந்திருக்கின்றோம். அப்பண்பைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. ஆயினும், நாம் சீவனோபாயமாகக் கொண்ட விமானமோட்டுந் தொழிலில் அதே அடக்கம் சில வேளைகளிற் பல நூறு உயிர்களுக்கு யமனாகி விடுவதுண்டு.

விமானமொன்று விபத்துக்குள்ளானால் பத்திரிகைகளிலே கொட்டை எழுத்துக்களில் அச்செய்தி வெளிவருகின்றது. மாண்டவர் எத்தனை பேர், குற்றவாளி யார் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்ததும் வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றனர். விமானிகளாகிய நாமோ பின்னர் வரும் விசாரணை அறிக்கைக்காகக் காத்திருக்கின்றோம். 'யார்?' என்பதிலும் 'ஏன்?' என்பதே நமக்கு வேண்டிய கேள்வி.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி, ஸ்பெயினுக்குரிய கனேரித் தீவுகளில் ஒன்றான தெனெரீவில் நிகழ்ந்த விபத்தை எடுத்துக்கொள்வோம். அயற்றீவின் விமான நிலையத்திற் குண்டு வெடித்தமையால் பல விமானங்கள் தெனெரீவுக்குத் திருப்பப்பட்டன. சிறிய நிலையம், நிறுத்த இடமில்லை, போதாக்குறைக்கு மூடுபனியும் கவிந்தது. ஒல்லாந்தரின் கே. எல். எம். விமானம் ஓடுபாதையின் ஒரு முனையிற் புறப்படக் காத்து நின்றது. அதே பாதையில், பனிக்குள்ளே, பான் அமெரிக்கன் விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 ரகப் பெருவிமானங்கள். ஒன்றையொன்று காணவில்லை, கட்டுப்பாட்டுக் கோபுரமும் இரண்டையுங் காணவில்லை.

ஒல்லாந்த விமானத்தின் கப்டன் சாமானியரல்லர். தமது நிறுவனத்தின் ஏனைய விமானிகளைப் பயிற்றுவிப்பவர். அந்நிறுவனத்தின் விளம்பரங்களில் அவர் படமே அச்சாகியிருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது அவர் விஷயத்திலும் மெய்யாயிற்று. அனுமதி கிடைக்குமுன் அவர் இயந்திரங்களை முடுக்க முற்பட்டபோது, துணை விமானி ஒரு தடவை தடுத்துச் சொன்னார். பின்னர், புறப்பட்டபின் செல்லவேண்டிய மார்க்கத்துக்கான அனுமதி மாத்திரமே கிடைத்திருக்க, கப்டன் மீண்டும் முடுக்கினார். இரண்டாந் தடவை தடுக்கத் துணை விமானிக்கு நாவெழவில்லை. கோபுரம் 'பொறுத்திருங்கள்' என்று கூறிய கணத்திலேயே பான் அமெரிக்கன் விமானியும் பேசியமையால், இரு குரல்களும் மோதி வானொலியில் வெறும் கீச்சொலியே கேட்டது. மூன்றாமவரான விமானப் பொறியியலாளர், 'அவ்விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ?' என்று ஐயத்தோடு வினவினார். விலகிவிட்டதென்று கப்டன் உறுதியாக விடையிறுக்கவே, அவரும் மௌனமானார். சில விநாடிகளில் 583 பேர் மாண்டனர். பிழைத்தவர் 61 பேரே. அவர்களனைவரும் பான் அமெரிக்கன் விமானத்தினர்.

அவ்விபத்தின் பின் விமானிகளின் பேச்சு முறையே மாறியது. 'டேக் ஓப்' என்னுஞ் சொல், மேலெழுவதற்கு அனுமதி வழங்கும்போதும் அதனை இரத்துச் செய்யும்போதும் மாத்திரமே இன்று வழங்குகின்றது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இத்தகைய தவறுகளை ஆராய ஒரு மாநாட்டைக் கூட்டியது. 1981இல் யுனைட்டட் விமான நிறுவனம், இளையவர் எடுத்துரைக்கவும் மூத்தவர் செவிசாய்க்கவும் பயிற்சியளிக்கத் தொடங்கியது.

பலன் எட்டு ஆண்டுகளிற் தெரிந்தது. 1989 யூலை 19ஆந் திகதி, அந்நிறுவனத்தின் விமானமொன்றின் வாற்புற இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்புஞ் சாதனங்கள் யாவும் செயலற்றன. கப்டன் அல் ஹேன்ஸ் தனித்து முடிவெடுக்க முயலவில்லை. பிரயாணியாக வந்திருந்த வேறொரு விமானியையும் உள்ளே அழைத்துக்கொண்டார். எஞ்சிய இரு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியுங் குறைத்துமே நால்வருமாக விமானத்தைச் சூ நகருக்குக் கொண்டு சேர்த்தனர். இறங்குகையில் விமானம் சிதறிய போதிலும், 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினர். அக்கூட்டுப் பயிற்சியே காரணமென்று ஹேன்ஸ் பின்னர் பல மேடைகளிற் கூறினார்.

இன்று நாம் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் நம்மருகில் அமரும் இளைஞரிடம், 'பிழையெனப் பட்டதை உடனே சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொள்கின்றோம். நம்மவர் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எளிதன்று. மரியாதை குறையுமோ என்று அஞ்சுகின்றனர். 'நீங்கள் செய்தது பிழை' என்று சொல்ல வேண்டியதில்லை; 'கப்டன், உயரம் குறைகின்றது, மேலே எழுவோம்' என்றாற் போதும். அதிலே கண்டதும் உண்டு, செய்யவேண்டியதும் உண்டு, மரியாதையும் உண்டு.

மாணவர்களே, நாளை நீங்கள் வைத்தியசாலையிலோ தொழிற்சாலையிலோ பெரியவர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றுவீர்கள். பணிவோடு சொல்லும் வழியை இன்றே பழகிக்கொள்ளுங்கள். பெற்றோரே, வீதியைக் கடக்கையில், 'அப்பா, சற்றுப் பொறுங்கள்' என்று பிள்ளை கையைப் பிடித்திழுத்தால், அதட்டுமுன் ஒரு கணம் நின்று பாருங்கள்.