மார்கழிக் கண்மாயில் மீன்

ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். வழி நெடுக இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். கடல் கிழக்கே வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்துவிட்டால் இந்த வட்டாரத்திலும் மீன்பிடி தொடங்கிவிடும். படகு கிடையாது, துறைமுகம் கிடையாது. லாரி ட்யூப்பில் காற்றடித்து, அதன்மேல் உட்கார்ந்து, கையாலேயே துழாவிக்கொண்டு கண்மாய்க்குள் போகிறார்கள்.

இங்குள்ள கண்மாய்களுக்கு எல்லாமே மலைத் தண்ணீர்தான். ராஜபாளையத்துக்கு அய்யனார் கோயில் பக்கமிருந்து முடங்கியாறு வருகிறது. தேவதானத்துக்கு மேலே சாஸ்தா கோயில் அணை. வத்திராயிருப்புக்கு மேலே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். (இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. வெளியூர்க்காரர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள்.) ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும், தண்ணீரோடு மீனும் போகும். கலுங்கு பாயும் நாட்களில் எதிர்த்து ஏறும் கெண்டையையும் உழுவையையும் பையன்கள் வேட்டி விரித்தே பிடித்துவிடுவார்கள். ஆனால் மலைக்குள் ஓடும் ஓடைகளில் கை வைக்கக் கூடாது. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021-ல் புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்ட காடு அது. அங்கே மீன் பிடித்தால் வனத்துறை வழக்குப் போடும்.

கண்மாய் நிறைந்ததும் குத்தகைக்காரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். விரால், கெளுத்தி, ஆரால், அயிரை எல்லாம் விடாமலே வரும். யாரும் கேட்காமலே ஜிலேபியும் வந்து பெருகிவிடும். மார்கழியில் விட்ட குஞ்சு இன்னும் வளர்ந்திருக்காது. அந்த நேரத்தில் வலையில் விழுவது பெரும்பாலும் ஜிலேபியும் நாட்டு மீனும்தான். சாயங்காலம் கண்ணி வலையைக் கட்டிவிட்டு வந்து, விடியுமுன் போய் எடுப்பார்கள். பனி கொட்டும் நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் வேலை. விரால் வலைக்கு அவ்வளவாகச் சிக்காது. பாசியும் கோரையும் அடர்ந்த கரையோரத்தில் பதுங்கிக் கிடப்பதைத் தவளைக் குஞ்சைக் கோத்த தூண்டிலால்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், பொறுமைக்கு ஏற்ற விலையும் உண்டு.

விற்பனை மட்டும் இந்த இரண்டு மாதமும் மந்தம். கார்த்திகை முதல் தேதி அய்யப்பனுக்கு மாலை போட்ட வீடுகளில் மீன் சட்டி அடுப்பேறாது. மார்கழியில் ஆண்டாள் ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், விடியற்காலையில் திருப்பாவைதான் கேட்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கிற நாட்களில் தூத்துக்குடிப் படகுகள் கரையிலேயே நிற்கும், கடல் மீன் வரத்தும் குறையும். அப்படியிருந்தும் கண்மாய் மீனுக்குக் கிராக்கி ஏறுவதில்லை. தைப் பொங்கலுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கரையிலேயே தராசு வைத்து விற்கும் அளவுக்குக் கூட்டம் வரும்.

குத்தகைக்காரருக்கும் ஆயக்கட்டு விவசாயிக்கும் உரசல் தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான். மீன் பாசிக் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் போகிறது. ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் 30-ல் முடிந்துவிடும். மழையே ஐப்பசியில்தான் என்பதால் போட்ட பணத்தை எடுக்க அவருக்குக் கையில் இருப்பது ஆறேழு மாதம். தண்ணீர் ஆழமாக இருந்தால் இழுவலை போகாது. "அண்ணாச்சி, ரெண்டடி இறக்கினாத்தான் மீன் கைக்கு வரும்" என்பார். எதிரே நிற்பவருக்கோ தையில் நெல் பால் பிடிக்கும் தருணம். கடைசி இரண்டு தண்ணீர் கிடைக்காவிட்டால் பாதி பதராகிவிடும். ராத்திரியில் மடையை யார் திறந்துவிட்டது என்ற சண்டை எத்தனையோ கண்மாய்களில் நடந்திருக்கிறது.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. குத்தகை மீனுக்கு மட்டும்தான், தண்ணீருக்கு இல்லை. பாசனத்துக்கு இடைஞ்சல் இல்லாமல்தான் மீன் பிடிக்க வேண்டும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் ஆயக்கட்டுக்காரர்களும் நீர்ப்பாய்ச்சியும் சேர்ந்து முடிவு செய்யும் விஷயம். இதை ஏலம் நடக்கும் அன்றைக்கே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசிவிட்டால் தை மாதத்தில் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்காது.

கலுங்கில் வலை கட்டுவது இதைவிட ஆபத்து. குஞ்சு வெளியே போய்விடும் என்று கலுங்கின் குறுக்கே சிறு கண்ணி வலையும் முள்ளும் வைத்து அடைக்கிறார்கள். ஆகாயத் தாமரையும் குப்பையும் வந்து அதில் அப்பிக்கொண்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை. மலையில் ஒரு ராத்திரி கனமழை பெய்தால் காட்டாறு நேராகக் கண்மாய்க்கு வந்துவிடும். அப்போது கலுங்கு அடைத்திருந்தால் கரை உடையும். கரை உடைந்தால் மீனும் போச்சு, நெல்லும் போச்சு. தடுப்பு வேண்டுமென்றால் இடைவெளி விட்ட மூங்கில் தட்டி போதும். அதையும் மழை நாளில் ஆள் நின்று குப்பை எடுத்துவிட வேண்டும்.

தண்ணீரை இறக்காமல் மீன் எடுக்க வழியில்லையா என்றால், இருக்கிறது. நாலு விரல் தாராளமாக நுழைகிற கண்ணி வலையை வாரம் இரண்டு நாள் மட்டும் கட்டி, பெரிய மீனாகப் பொறுக்கி எடுத்து வரலாம். சிறியது தப்பித்து வளரும். பங்குனி, சித்திரையில் எல்லாக் கண்மாயும் ஒரே நேரத்தில் வற்றி, எல்லோரும் ஒரே வாரத்தில் மீனைக் கொட்டும்போது விலை விழுவது ஊருக்கே தெரிந்தது. தையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தவருக்கு அந்த அடி பாதிதான். அறுவடை முடிந்து மாசியில் தண்ணீர் தானாக இறங்கிய பிறகு இழுவலை போடலாம்.

பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் இந்தக் குளிரில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தண்ணீர் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது கட்லா, ரோகு தீனி எடுப்பது குறையும். வழக்கமான அளவு தவிட்டையும் புண்ணாக்கையும் கொட்டினால் அடியில் அழுகி, மேகமூட்டமான விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். தீனியைப் பாதியாக்கி வெயில் ஏறிய பிறகு போடுங்கள்.

இரண்டாவது, சிவப்புப் புண் நோய். கனமழைக்குப் பின் தண்ணீர் குளிர்ந்ததும் விரால், குரவை, கெண்டையின் உடம்பில் சிவந்த ஆழமான புண் வரும். இது ஒரு பூஞ்சணத்தால் வருவது. ஜிலேபிக்குப் பெரும்பாலும் வருவதில்லை. 10 சென்ட் குட்டைக்கு 5 முதல் 8 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, ஆறவைத்துக் காலையில் தெளிக்கலாம். புவனேஸ்வரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதற்கென்றே 'சிஃபாக்ஸ்' மருந்தை உருவாக்கியிருக்கிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் கணக்கு. கண்மாய் போன்ற பெரிய நீர்ப்பரப்பில் மருந்து அடிப்பது கட்டுப்படியாகாது. செத்து மிதப்பதை எடுத்துப் புதைப்பதுதான் அங்கே செய்யக்கூடியது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாய் நிறைந்திருக்கும் வருஷம் பார்க்க வேண்டும். மேற்கே மலை, அந்தப் பக்கம் கோயில் கோபுரம், நடுவில் நீர்க்காகம் முங்கி முங்கி எழும். தையில் போகிறவர்கள் கரையிலேயே மீன் வாங்கலாம். காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், அதன்பின் நல்ல விரால் கிடைக்காது.