எமது முதற் கடற்செலவு

செலவு என்னுஞ் சொல் பழந்தமிழிற் பயணத்தைக் குறித்தது; இற்றை வழக்கிற் பணங் கழிதலைக் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துங் கருமம் ஒன்று உண்டெனின், அது குடும்பத்தோடு செய்யுங் கடற்செலவே என்பதை 2024ஆம் ஆண்டில் நாம் அறிந்துகொண்டோம். மலர்க்குழுவினர் கட்டுரையொன்று வேண்டியபோது, கல்லூரி நாள்களின் நினைவுகளை எம்மினும் மூத்தோர் சிறப்புற எழுதுவர் எனக் கருதி இப்பொருளை எடுத்துக்கொண்டோம். பழைய மாணவருட் பலர் இன்று ஓய்வுபெறும் வயதினர். மக்களும் மருமக்களும் நாற்றிசையிலும் பரந்திருக்கக் காண்போர். அவருட் சிலருக்கேனும் இது பயன்படக்கூடும்.

கடலோடு நம்மவர்க்குள்ள உறவு புதியதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை பலரும் அறிந்ததே. ஆங்கிலேயர் காலத்தில் உத்தியோகம் நாடி மலாயாவுக்குக் கப்பலேறினோர் பலர். பின்னாளிற் போர் வந்தபோது உயிரொன்றையே உடைமையாகக் கொண்டு நீர் கடந்தோரும் உளர். பொருளுக்காகவும் உயிருக்காகவும் நீரிலேறிய குடும்பமொன்று, ஒன்றுஞ் செய்யாது ஏழு நாள் சும்மா இருத்தற்பொருட்டுக் கப்பலேற எண்ணியமையே இங்குப் புதுமை.

அவ்வெண்ணம் எழுந்த காரணத்தை முதலிற் கூறுவோம். நாம் 1989இல் நாட்டைவிட்டுக் கனடா வந்தோம். தம்பி இலண்டனில் வாழ்கின்றார். அக்காவும் அத்தானும் ஊரிலேயே இருந்துவிட்டனர். எண்பத்திரண்டு வயதான அன்னையார் எம்மோடு ரொறன்ரோவில் இருக்கின்றார். ஒருவர் ஊருக்குப் போகும்போது மற்றவர்க்கு விடுமுறை இராது. ஒருவர் இல்லத் திருமணத்துக்கு மற்றவர்க்கு விசாக் கிடையாது. இவ்வாறாக அன்னையாரும் மக்கள் மூவரும் ஒரு பந்தியில் அமர்ந்து உண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. எவர் வீட்டிற் கூடினும் அவ்வீட்டுப் பெண்ணுக்கு அடுப்படியே கதி. ஆதலின், எவருக்கும் வீடாகாததும் எல்லார்க்கும் வீடாவதுமான ஓரிடம் வேண்டியிருந்தது. கப்பலே அதற்கு ஏற்றதெனத் தம்பியின் மனைவியார் கூறினார். 2023 ஐப்பசியில் பதின்மருக்கு முன்பணஞ் செலுத்தினோம்.

தெரிந்தெடுத்த வழி வன்கூவரிலிருந்து அலாஸ்கா சென்று மீளும் ஏழுநாள் வழி. அமெரிக்க நாட்டைப் பார்க்கச் செல்லுங் கப்பல் கனடாவிலிருந்து புறப்படுவதேன் என்று அத்தான் தொலைபேசியில் வினாவினார். பிறநாட்டுக் கொடி தாங்கிய கப்பல் அமெரிக்காவின் ஒரு துறையிலேற்றிய பயணியை அந்நாட்டின் மற்றொரு துறையில் இறக்கலாகாது என 1886ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதிக்கின்றது. பெருங்கப்பல்களுட் பெரும்பாலன பிறநாட்டுக் கொடியின. ஆதலின் வன்கூவருக்கு இந்த வாணிகம் வாய்த்தது.

அவ்வழியைத் தெரிந்தமைக்கு எமது கல்லூரியும் ஒரு காரணம். நுழைகழி என்னுஞ் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பனிக்கட்டியாறு மலையைக் குடைந்து பின்வாங்கக் கடல் உட்புகும் முறையைச் சோக்குத் துண்டொன்றாற் கீறிக் காட்டிய புவியியலாசிரியரை எம் வகுப்பினர் மறந்திரார். பனியையே காணாத வெயில் நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர் அதனைக் கற்பித்தார். கிளேசியர் பே எனப்படும் குடாவுக்கு 1794இல் வன்கூவர் என்னும் மாலுமியின் குழுவினர் வந்தபோது அது பெரும்பாலும் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. 1879இல் யோன் மியூர் என்னும் இயற்கையறிஞர் வந்தபோது பனி நாற்பது மைலுக்கு மேற் பின்வாங்கியிருந்தது. இன்று அக்குடாவினுள் நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களையே விடுவர். ஆசிரியர் கீறிய படத்தை நேரிற் காணும் ஆவல் எமக்கு ஐம்பது கடந்தும் அடங்கவில்லை.

இவ்வளவும் ஒழுங்காகியபின் அன்னையார் மறுத்துவிட்டார்.

“தண்ணிப் பயணம் எனக்குக் கிளாலியோடை போதும், தம்பி. நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ” என்றார்.

1990களின் முற்பகுதியில் ஆனையிறவு, சங்குப்பிட்டிப் பாதைகள் அடைபட்டபோது, குடாநாட்டை விட்டு வெளியேறுவோர்க்குக் கிளாலிக் கடனீரேரியே வழியாயிற்று. 1993இல் அந்நீரிற் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேதான் அன்னையார் பதினெட்டு வயதான தம்பியை அழைத்துக்கொண்டு அதனைக் கடந்தார். முழங்காலளவு நீரில் நடந்து படகேறியதையும், இயந்திரப் படகொன்று பல படகுகளை வரிசையாக இழுத்துச் சென்றதையும், விளக்கேற்றலாகாது, வாய்திறக்கலாகாது என விதித்திருந்ததையும் அவர் அன்றுதான் எமக்கு முழுமையாகச் சொன்னார். முப்பதாண்டுகளாக ஒரே வீட்டுக் கதை எனினும், கேளாத கதை.

அவருடைய அச்சத்தை நியாயங்களாற் போக்க நாம் முயன்றிலோம். எம் மகளே அவரருகில் அமர்ந்து, “அப்பம்மா, உங்களுக்கு என்ன தெரியவேணும்? கேளுங்கோ” என்றாள். அவர் மூன்று வினாக்களைக் கேட்டார். இரவிலை வெளிச்சம் போடுவினமோ? கதைக்கலாமோ? எல்லாருக்கும் படகு இருக்குமோ?

முதலிரண்டுக்கும் விடை எளிது. கப்பலில் இரவைப் பகலாக்குவர், பேச்சோ ஓயாது. மூன்றாவதற்கு மகள் தேடிப் படித்தே விடை கூறினாள். 1912இல் தைத்தானிக் மூழ்கி ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, ஏறியிருந்தோருட் பாதிப்பேர்க்கே உயிர்காப்புப் படகு இருந்தது. அதன்பின் 1914இல் நாடுகள் கூடிக் கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்தன. இன்று நாடுவிட்டு நாடு செல்லும் பயணிகள் கப்பலிற் படகும் தெப்பமுமாக, ஏறியுள்ளோர் அனைவர்க்கும் இடமளித்து மேலும் காற்பங்கு மிகுதியாக வைத்திருத்தல் வேண்டும். அன்னையார் அதனைக் கேட்டு, “அப்ப யோசிச்சுத்தான் செய்யினம்” என்று மட்டுஞ் சொன்னார்.

ரொறன்ரோத் துறையிலிருந்து எதிரேயுள்ள தீவுகளுக்குப் பயணிகள் படகொன்று செல்லும். ஒருவழிக்கு ஏறக்குறையக் கால்மணி நேரம். அந்த ஐப்பசியிலேயே அவரை அதில் ஏற்றினோம். போகும்போது உள்ளே அமர்ந்து, சேலைத் தலைப்பைக் கையிற் சுற்றிக் கண்மூடியிருந்தார். திரும்பும்போது சாளரத்தருகே இடங் கேட்டார். மறுவருடஞ் சித்திரை மாதத்தில் மீண்டும் அழைத்துச் சென்று, விளக்கேற்றியபின் திரும்பினோம். நகரத்தின் ஒளி நீரிற் கிடந்தது. அவர் மேற்றட்டில் நின்று பார்த்துவிட்டு, “பிள்ளை வருவாளெண்டால் நானும் வாறன்” என்றார். பிள்ளை என்றது அக்காவை.

அங்கேதான் சிக்கல். பதின்மரும் ஒரு குடும்பத்தினராயினும் கடவுச்சீட்டு மூவகை. கனடியக் கடவுச்சீட்டுடைய எம் ஐவர்க்கு விசா வேண்டியதில்லை. இலண்டனார் மூவர்க்கு இணையவழி முன்னனுமதி இரு நாடுகளுக்கும் போதும். அக்காவுக்கும் அத்தானுக்குமோ கனடிய விசாவும் வேண்டும், அமெரிக்க விசாவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறையினும் கப்பலேற முடியாது. முழுப்பணத்தையும் புறப்படும் நாளுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னரே செலுத்தல் வேண்டும்; அதன்பின் விலகுவோர்க்குப் பணம் முழுதாக மீளாது. ஆகவே அக்காவின் விசா வாராவிடின் அன்னையாரும் வாரார்; அன்னையார் வாராவிடின் இச்செலவுக்கே பொருளில்லை.

இதனிடையே பெயர்த்தொல்லை. நம்மவர் பெயரில் தந்தை பெயர் முன்வரும், தன் பெயர் பின்வரும். மணமான பெண்ணுக்குக் கணவன் பெயரும் வந்து சேரும். கப்பற் சீட்டின் பெயர் கடவுச்சீட்டின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். அக்காவின் பிறப்புச் சான்றிதழில் ஒருவகை, திருமணப் பதிவில் ஒருவகை, கடவுச்சீட்டில் மற்றொருவகை. சத்தியக்கடதாசி முடித்து, மொழிபெயர்ப்புச் செய்வித்து, கொழும்புக்கு இருமுறை சென்று நேர்முகத்தில் நின்றார். இறுதிப் பணங் கட்டவேண்டிய நாளுக்கு ஆறு நாள் முன்னர், நள்ளிரவில் எமது தொலைபேசி ஒலித்தது. “கிடைச்சிட்டுது, தம்பி. அம்மாவை எழுப்பிச் சொல்லு” என்றார் அக்கா. எழுப்ப வேண்டியிருக்கவில்லை; அன்னையார் விழித்தே இருந்தார்.

அதன்பின் மூட்டை முடிச்சு. 1898ஆம் ஆண்டளவில் குளொண்டைக் பொன்வேட்டைக்கு ஸ்கக்வே வழியாகச் சென்றோரைக் கனடிய எல்லைப் பொலிசார் மறித்து, ஓராண்டு உணவு முதலாக ஏறக்குறைய ஒரு தொன் பொருள் கொண்டுவந்தாலன்றி உள்ளே விடார். எம் அன்னையாரும் மனைவியாரும் பொதி கட்டியதைக் கண்டபோது அப்பொலிசார் மகிழ்ந்து வழிவிட்டிருப்பர் என்று தோன்றியது. பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, மிளகாய்த்தூள், ஊறுகாய் யாவும் வரிசையில் நின்றன. வீட்டிற் சமைத்ததைக் கப்பலில் ஏற்றவிடார் என்றறிந்து, கடையில் முத்திரையிட்டு விற்கும் வடை ஒரு பொதி மட்டும் சென்றது. கர்ப்பூரம், சாம்பிராணி, தீபம் என்பனவும், ஏன், ஆடை அழுத்தும் மின்னழுத்தியுங்கூடக் கப்பலில் விலக்கு. கடலில் நெருப்பே பெரும் பகை. அன்னையார் நெடுநேரம் சிந்தித்து, திருநீற்றுச் சம்புடத்தையும் பிள்ளையார் படமொன்றையும் எடுத்துவைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வேண்டிய மரக்கறி உணவுக்கு முன்கூட்டியே எழுதிச் சொன்னோம். அவருடைய இன்சுலினும் குளிகைகளும் கைப்பையிலேயே சென்றன. ஏனெனிற் பெரும்பொதிகள் அறைக்கு வந்துசேர மாலையாகலாம்.

காப்புறுதி பற்றி ஒரு சொல். எமது மாகாண மருத்துவத் திட்டம் நாட்டுக்கு வெளியே கொடுப்பது மிகச் சொற்பம். கப்பல் மருத்துவருக்கும் தனிக் கட்டணம். முதியோர்க்குக் காப்புறுதி எடுப்போர், முன்னரே உள்ள நோய் எத்தனை மாதம் மாறாதிருத்தல் வேண்டும் என்னும் வரியைத் தேடிப் படித்தல் நன்று. புறப்படுமுன் மருந்தின் அளவை மாற்றினாலே சில காப்புறுதிகள் செல்லாதுபோம்.

கடல்மயக்கத்துக்கும் ஆயத்தஞ் செய்தோம். காதினுள்ளே சமநிலை காக்கும் உறுப்பு உடல் அசைகின்றது என்கிறது. அறைச்சுவரைக் காணுங் கண்ணோ அசையவில்லை என்கிறது. இவ்விரு சாட்சியும் முரண்படுவதே மயக்கம். ஆகையாற் கப்பலின் நடுவிலே, தாழ்ந்த தட்டிலே, ஊஞ்சலின் கயிறு கட்டிய இடம்போல ஆட்டங் குறைந்த பகுதியிலே அடுத்தடுத்த அறைகளை எடுத்தோம். அவ்வழியின் பெரும்பகுதி தீவுகளுக்கிடையே செல்வதால் அலையுங் குறைவு. இஞ்சியும் சென்றது.

2024 ஆவணியில் வன்கூவரின் கனடா பிளேஸ் துறையில், வெண்பாய்கள் போன்ற கூரையின்கீழ், பதின்மரும் ஒன்றுகூடினோம். அக்கா அன்னையாரின் கையைப் பற்றியவர் நெடுநேரம் விடவில்லை. புறப்படுமுன் ஒவ்வொருவரும் தத்தம் கூடுமிடத்துக்குச் சென்று ஆபத்துக்காலப் பயிற்சி பெறுதல் கட்டாயம். 2012இல் இத்தாலியக் கரையோரம் கொஸ்ரா கொன்கோடியா என்னுங் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தபின் இவ்விதியை இறுக்கினர். ஏழு குற்றொலியும் ஒரு நெட்டொலியும் ஆபத்தின் அடையாளம். பணியாளர் உயிர்காப்பு அங்கியை அணிந்து காட்டினார். அறைக்கு மீண்டதும் அன்னையார் தமது அங்கியை எடுக்கச் சொல்லி அணிந்துபார்த்தார்.

“அண்டைக்கு இதிலை ஒண்டு சின்னவனுக்காவது கிடைச்சிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டன்” என்றார்.

ஐம்பதை நெருங்கும் சின்னவர் ஒன்றும் பேசாது முன்னே வந்து, வாரை அவர் அளவுக்கு இழுத்துப் பூட்டினார்.

அன்றிரவு பதின்மரும் ஒரு மேசையில் உண்டோம். பனிக்கட்டியாற்றையும் திமிங்கிலத்தையும் பற்றிப் பின்னொரு மலரில் எழுத வாய்ப்பு வரலாம். இத்தகைய செலவை எண்ணும் நண்பர்க்கு நாம் சொல்லத்தக்கன இரண்டே. குடும்பத்தில் எவருடைய கடவுச்சீட்டுக்குக் கதவுகள் குறைவோ அவருடைய அலுவலை முதலிற் தொடங்குக. மூத்தோர் வரமாட்டேன் என்றால், ஏனென்று ஆறியிருந்து கேட்க.