ஒத்தப் போன்

கோயமுத்தூருன்னா பஞ்சாலை, பம்புசெட்டு. இப்போ கம்ப்யூட்டரும். விளாங்குறிச்சியில் 2010ல் டைடல் பார்க் வந்தது. நாடு முன்னேறுது பாருங்கன்னு அதைத்தான் காட்டுறாங்க. அன்னூர் பக்கத்திலிருக்கும் எங்க வளவிலிருந்து அது முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனா அங்கே போய்ச் சேர வழி வேற.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாடம் கல்வித் தொலைக்காட்சியில் வரும், வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். எங்க அக்கா வீட்டில் இருந்தது ஒத்தப் போன். விடிஞ்சா அது மச்சான்கூடக் காட்டு வேலைக்குப் போயிரும். ராத்திரி வரும்போது சார்ஜ் இருக்காது. அக்கா மவ அப்போ எட்டாவது. ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போனா, "மாமா, போனக் குடுங்க, வாத்தியார் அனுப்புனதப் பாக்கோணும்" என்று ஓடிவருவாள். ஆறு நாள் பாடத்தை ஒரு பொழுதில் படிக்க முடியுமா? பண்ணாடி வீட்டுப் பிள்ளைக்குத் தனிப் போன், தனி ரூம். நிலம் இருக்கிற வீட்டில்தான் நெட்டும் இருந்தது.

2017-18ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் கம்ப்யூட்டர் இருந்த வீடு நகரத்தில் 100க்கு 23.4, கிராமத்தில் 4.4. அந்த நாலுக்குள்ளே வளவு வீடு எத்தனை இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. தமிழக அரசு 2011ல் இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். எங்க ஆளுகளும் வாங்கினோம். ஆனா பன்னிரண்டாவது வரைக்கும் தாக்குப்பிடிச்சவங்க கைக்குத்தான் அது வந்தது. எட்டோடு நின்னவங்களுக்கு?

2021 செப்டம்பரில் ஒன்பதாவது திறந்தப்போ, அக்கா மவ பஞ்சாலை விடுதியில் இருந்தாள். "சும்மாதான இருக்குது புள்ள" என்று புரோக்கர் வந்து கேட்டார். வீட்டில் கடன். அனுப்பிட்டாங்க.

நெட் கிடைக்காததால் எங்க பிள்ளைகள் வளர்ச்சிக்கு வெளியே நிக்குதுன்னு எழுதுறாங்க. இல்லீங்க. உள்ளேதான் நிக்குது, அடியில. அவ ஓட்டுற நூல் துணியாகிக் கப்பல் ஏறினா, ஏற்றுமதிக் கணக்கில் சேரும், நாட்டு வருமானத்தில் சேரும். அவள் கணக்கு வாத்தியாராகவோ இஞ்சினியராகவோ ஆகியிருந்தா நாட்டுக்கு என்ன கிடைச்சிருக்கும்? அந்த நட்டத்தை எழுத எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை.

தோழர்களே, போன் கேக்குறதோடு நிறுத்திராதீங்க. நின்னுபோன பிள்ளைகளை மில் விடுதியிலிருந்து திரும்பப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவாங்க. வீட்டுக் கடனுக்கும் வழி சொல்லச் சொல்லி அரசாங்கத்தைக் கேளுங்க. நெட்டு அதுக்கப்புறந்தான் எங்களுக்கு உதவும்.